உறைபனி இரவுக்கு ஓர் அலாரம்: நீலகிரியில் புதிதாகத் தோட்டம் போட்டவர்களுக்கு

என் வீட்டு மேராக்காய்ப் பந்தல் கருகிய அன்று காலை, கைபேசியில் வானிலை ஆப் 6 டிகிரி என்று காட்டிக்கொண்டிருந்தது. ஊட்டிப் பக்கம் குடிவந்து எனக்கு அது முதல் குளிர்காலம். 6 டிகிரியில் தண்ணீரே உறையாதே, கொடி எப்படிக் கருகும் என்று புரியாமல் பந்தலடியில் நின்றேன். புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெள்ளை. வேலிக்கு அந்தப் பக்கம் கேரட்டுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த பெரியவர், "பள்ளத்துல பந்தல் போட்டா அப்படித்தாங்க ஆகும்" என்றார். "போன்ல 6 டிகிரினு இருந்துச்சுங்க" என்றேன். "போன் வீட்டுக்குள்ளதானுங்க இருந்துச்சு" என்றார்.

கிண்டல்தான். ஆனால் விஷயமும் அதுதான். ஆப் காட்டும் எண் வேறு, உங்கள் தோட்டத்துப் பள்ளத்தின் எண் வேறு. இரண்டுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று தெரியாமல் எந்த எச்சரிக்கையை வைத்தாலும், அது தினமும் அடித்து உயிரை வாங்கும், இல்லையென்றால் அடிக்க வேண்டிய அன்று தூங்கிவிடும். அதனால் அலாரத்துக்கு முன்னால் அளவு. வேலையை அந்த வரிசையிலேயே சொல்கிறேன்.

பனி மேலிருந்து விழுவதில்லை

பனி விழுகிறது என்று பேச்சில் சொன்னாலும் அது இருந்த இடத்திலேயேதான் உருவாகிறது. பகலில் வாங்கிய வெப்பத்தை மண்ணும் இலையும் இரவு முழுக்க வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கும். மேகம் இருந்தால் அதில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும், கம்பளி போர்த்தியது போல. காற்று வீசினால் மேலே இருக்கும் சற்று வெதுவெதுப்பான காற்று கீழே வந்து கலக்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகு, டிசம்பரிலும் ஜனவரியிலும், மேகமும் இல்லை காற்றும் இல்லை என்று சில இரவுகள் அமையும். அந்த இரவுகளில் இலை, தன்னைச் சுற்றியுள்ள காற்றையும் விடக் குளிர்ந்துபோகும்.

குளிர்ந்த காற்று கனமானது. சரிவில் தண்ணீர் ஓடுவது போலவே அதுவும் இறங்கி ஓடிப் பள்ளத்தில் தேங்கும். தலைகுந்தா, காந்தல், ஊட்டி குதிரைப் பந்தய மைதானம் என்று வருடா வருடம் படத்தில் வரும் இடங்கள் எல்லாம் தாழ்வான, திறந்த வெளிகள். அதே நாளில் சற்று மேட்டில் சரிவாக இருக்கும் தேயிலை பச்சையாகவே இருக்கும். உங்கள் தோட்டத்துக் கீழ்ப்பக்கம் ஒரு மதிலோ நெருக்கமான வேலியோ இருந்தால் அது குளிர்காற்றுக்கு அணை. மதில் கட்டிய வருடத்திலிருந்துதான் செடி கருகுகிறது என்று யாராவது சொன்னால் சிரிக்காதீர்கள், அவர் சொல்வது உண்மையாக இருக்கலாம்.

இனி எண்ணுக்கு வருவோம். வானிலை ஆய்வு மையத்தின் வெப்பமானி, தரையிலிருந்து சுமார் நான்கடி உயரத்தில், காற்றோட்டம் உள்ள வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும். தெளிந்த, காற்றில்லாத இரவில் அந்தப் பெட்டிக்கும் கீழே உள்ள புல்லுக்கும் மூன்று, நான்கு டிகிரி, சில சமயம் அதற்கு மேலும் வித்தியாசம் வரும். செய்தித்தாளில் 3 டிகிரி என்று போட்டு, பக்கத்திலேயே வெள்ளை மைதானப் படம் போடுவது இதனால்தான். இரண்டும் சரி.

ஆப் காட்டும் எண் இன்னும் தள்ளி நிற்பது. பெரும்பாலான ஆப்கள் எந்த வெப்பமானியையும் படிப்பதில்லை. பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்குப் போடும் உலகளாவிய மாதிரிகளிலிருந்து எடுத்துத் தருகின்றன. ஒரு கட்டம் 9 கிலோமீட்டரிலிருந்து 25 கிலோமீட்டர் வரை இருக்கும். சமவெளிக்கு அது போதும். நம் ஊரிலோ மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் 326 மீட்டர் உயரத்தில், ஊட்டி நிலையம் 2,200 மீட்டரில். நேர்க்கோட்டில் பார்த்தால் இரண்டுக்கும் சுமார் 30 கிலோமீட்டர்தான். அதற்குள் இத்தனை மலையும் பள்ளமும் இருப்பது கட்டத்துக்குத் தெரியாது. உயரத்தைக் கணக்கில் எடுத்துத் திருத்தம் செய்யும் ஆப்களும் உண்டு. ஆனாலும் உங்கள் மதில் அதற்குத் தெரியப்போவதில்லை.

படி 1: ஒரு வெப்பமானி வாங்கித் தோட்டத்தில் வையுங்கள்

இணையம், சென்சார் எல்லாம் அப்புறம். முதலில் வாங்க வேண்டியது இரவின் குறைந்தபட்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் மேக்ஸ்-மின் தெர்மாமீட்டர். ஆங்கில யூ எழுத்து போல வளைந்த கண்ணாடிக் குழாய், உள்ளே இரண்டு சின்ன ஊசிகள். இரவில் வெப்பம் இறங்கும்போது ஒரு ஊசி தள்ளப்பட்டு அங்கேயே நின்றுவிடும். காலையில் ஊசியின் எந்த முனை திரவத்தைத் தொட்டிருந்ததோ, அந்த முனையில் அளவைப் படிக்க வேண்டும். பிறகு கூடவே தரும் காந்தத்தாலோ நடுவில் உள்ள பொத்தானாலோ ஊசியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். ஜேம்ஸ் சிக்ஸ் என்ற ஆங்கிலேயர் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் கண்டுபிடித்தது, இன்றும் பேட்டரி இல்லாமல் வேலை செய்கிறது. கம்பி நுனியில் உணரி (சென்சார்) உள்ள டிஜிட்டல் வகை என்றால் இன்னும் வசதி. கம்பி வெளியே, திரை சமையலறை ஜன்னலுக்கு உள்ளே.

வாங்கியதும் சோதித்துவிடுங்கள். ஐஸ்கட்டியை நன்றாகப் பொடித்து ஒரு டம்ளர் நிறையப் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவு மட்டும் தண்ணீர் ஊற்றிக் கலக்குங்கள். உணரியை நடுவில் வைத்து ஐந்து நிமிடம் பொறுத்தால் 0 காட்ட வேண்டும். 0.8 காட்டினால் திருப்பிக் கொடுக்கத் தேவையில்லை. எல்லா அளவிலும் 0.8 கழித்துக்கொள்ளுங்கள். மலிவு வெப்பமானிகளில் ஒரு டிகிரி பிசகு சாதாரணம். உறைபனி விஷயத்தில் அந்த ஒரு டிகிரிதான் செடிக்கு உயிர்.

இடம் முக்கியம். சுவரில் ஆணி அடித்து மாட்டாதீர்கள். வெயில் குடித்த சுவர் இரவெல்லாம் வெப்பம் விட்டுக்கொண்டிருக்கும். தாழ்வாரத்துக் கூரைக்குக் கீழும் மரத்தடியிலும் வேண்டாம். தோட்டத்தின் மிகத் தாழ்ந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, நீங்கள் காப்பாற்ற நினைக்கும் செடியின் இலை உயரத்தில், மேலே வானம் திறந்திருக்கும்படி கட்டுங்கள். வானிலை நிலையம் போலப் பெட்டிக்குள் வைத்தால் காற்றின் வெப்பநிலை சரியாகக் கிடைக்கும். நமக்கு வேண்டியது இலையின் நிலைமை. இலைக்குப் பெட்டி கிடையாது. பகலில் வெயில் பட்டு அது 30, 35 என்று காட்டும். காட்டட்டும், பகல் கணக்கு நமக்கு வேண்டாம்.

படி 2: பதினைந்து இரவுகளுக்கு ஒரு நோட்டு

எல்லோரும் தாண்டிப் போகும் படி இது. நானும் முதலில் தாண்டிப் போனேன்.

நவம்பர் கடைசியில் தொடங்குங்கள். முதலில் நீர்ப்பனி வரும், காலையில் புல் நனைந்து கிடக்கும். உறைபனிக்கு முன்னால் கிடைக்கும் ஒத்திகை நாட்கள் அவை. தினமும் மாலையில் ஆப் அன்றிரவுக்குச் சொல்லும் குறைந்தபட்ச அளவைக் குறியுங்கள். ஆறு மணிக்கு வானம் எப்படி, காற்று எப்படி என்று இரண்டு சொல் எழுதுங்கள். காலையில் தோட்டத்து வெப்பமானியின் குறைந்தபட்சத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே ஆப்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். இன்று இது, நாளை அது என்று மாற்றினால் கணக்கு நிற்காது.

உதாரணத்துக்கு ஒரு பக்கம் இப்படி இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். திங்கள்: ஆப் 9, தோட்டம் 8, மேகம். செவ்வாய்: ஆப் 8, தோட்டம் 3, தெளிவு, காற்றில்லை. புதன்: ஆப் 8, தோட்டம் 7, காற்று. வியாழன்: ஆப் 7, தோட்டம் 1, தெளிவு. வெள்ளி: ஆப் 7, தோட்டம் 2, தெளிவு. மேகமும் காற்றும் உள்ள நாட்களை அப்படியே விட்டுவிடுங்கள். அந்த இரவுகளில் உறைபனி அநேகமாக வராது, அதைச் சேர்த்தால் சராசரி கெட்டுப்போகும். தெளிந்த இரவுகளை மட்டும் எடுத்தால் வித்தியாசம் 5, 6, 5. சராசரி ஐந்தேகாலுக்குச் சற்று மேல், இந்தத் தோட்டத்தின் எண் ஐந்தரை என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது, தெளிந்த இரவில் ஆப் ஐந்தரை என்று சொன்னால் இந்தப் பள்ளத்தில் 0.

பக்கத்து வீட்டுக்காரரின் எண் மூன்றாக இருக்கலாம். நூறடி மேலே இருந்தால் ஒன்றாகக்கூட இருக்கும். யாருடைய எண்ணையும் கடன் வாங்காதீர்கள்.

படி 3: மாலை அலாரம்

உங்களுக்கு இரண்டு அலாரங்கள் வேண்டும். ஒன்று மாலையில், முன்கணிப்பை வைத்து அடிப்பது. இன்னொன்று நடுராத்திரியில், அளவை வைத்து அடிப்பது. ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் மாலை அலாரத்தை வையுங்கள். போர்வை போடும் வேலை வெயில் இறங்குவதற்கு முன் முடிய வேண்டியது. பகலில் மண் சேர்த்த வெப்பத்தைப் போர்வைக்குள் பிடித்து வைப்பதுதான் தந்திரமே. விடிகாலை மூன்று மணிக்குப் போர்த்தினால் வெப்பம் பாதிக்குமேல் ஆகாயத்துக்குப் போயிருக்கும்.

முதலில் அரசாங்கத் தகவல். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் தினசரி அறிக்கையில், குளிர்காலத்தில் நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் ஓரிரு இடங்களில் இரவில் உறைபனி வரலாம் என்ற வரி வரும். அந்த வரி வந்தால் பெரிய அளவில் சூழ்நிலை சரியாகிவிட்டது, அதாவது நமக்குச் சரியில்லை என்று பொருள். இந்திய வானிலைத் துறையின் மௌசம் ஆப்பில் ஊர்வாரியான முன்கணிப்பு உண்டு. விவசாயிகளுக்கான மேக்தூத் ஆப்பில் செவ்வாய், வெள்ளிக்கிழமைகளில் மாவட்ட வாரியாக வேளாண் ஆலோசனை தமிழிலேயே வரும். இரண்டையும் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஓரிரு இடங்களில் உங்கள் பள்ளமும் ஒன்றா என்று அந்த அறிக்கை சொல்லாது.

அதற்கு, நீங்களே எண்ணை வைக்கக்கூடிய ஆப் வேண்டும். விண்டி போன்ற ஆப்களில் வரைபடத்தில் உங்கள் இடத்தைத் தொட்டு, வெப்பநிலை இதற்குக் கீழே போகும் என்று கணித்தால் சொல் என நிபந்தனை வைக்கலாம். பொத்தான்கள் அப்டேட்டுக்கு அப்டேட் இடம் மாறும், அலர்ட் என்ற சொல்லைத் தேடினால் கிடைத்துவிடும். அங்கே 0 என்று போடாதீர்கள். நம் தோட்டத்தின் எண் ஐந்தரை, அதன்மேல் பாதுகாப்புக்கு இரண்டு. ஏழரை என்று போடுங்கள். நோட்டு எழுதியபோது எந்த ஆப்பைப் பார்த்தீர்களோ அதிலேயே அலாரமும் இருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஐந்தரைக்குப் பொருளில்லை.

கொஞ்சம் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வழி. ஓப்பன்-மீட்டியோ என்ற சேவை, சொந்த உபயோகத்துக்கு இலவசமாக, பதிவுகூடச் செய்யாமல், மணிவாரி முன்கணிப்பைத் தரும். வெப்பநிலை, பனிநிலை, மேகம், காற்றின் வேகம் நான்கையும் கேட்டு வாங்கலாம். கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் தினமும் மாலை மூன்று மணிக்கு ஓடும்படி ஒரு சிறு நிரல் எழுதி, குறைந்தபட்சம் ஏழரைக்குக் கீழே, மேகம் குறைவு, காற்று குறைவு என்று மூன்றும் சேர்ந்தால் மட்டும் அஞ்சல் அனுப்பச் சொல்லலாம். மேகத்தையும் காற்றையும் சேர்த்துக் கேட்பதால் வீண் அலாரம் பாதியாகக் குறையும்.

அந்தப் பனிநிலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஆப்களில் டியூ பாயிண்ட் என்று இருக்கும், யாரும் பார்க்காத எண். காற்று அந்த அளவுக்குக் குளிர்ந்ததும் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும். படியும்போது வெப்பம் வெளிவரும், இறக்கம் மெதுவாகும். ஒரு பிரேக் போல. மாலை ஆறு மணிக்குப் பனிநிலை 7 என்றால் அன்றிரவு பெரும்பாலும் நீர்ப்பனியோடு போய்விடும். அது 1 என்றோ மைனஸ் என்றோ இருந்தால் பிரேக் இல்லாத வண்டி. அப்படி வறண்ட நாட்களில் உங்கள் உதடே வெடித்துச் சொல்லிவிடும். ரொம்ப வறண்டு போனால் வெள்ளைப் படலமே இல்லாமல் செடி கருகுவதும் உண்டு. காலையில் ஒன்றும் தெரியாது, பத்து மணிக்கு இலை கறுத்துத் தொங்கும்.

அலாரம் வந்தாலும் வராவிட்டாலும் மாலை ஆறரை மணிக்கு வெளியே வந்து ஒரு நிமிடம் நில்லுங்கள். அடுப்புப் புகை நேரே மேலே போய், கொஞ்ச உயரத்தில் தட்டையாகப் படர்ந்து நிற்கிறதா? மேலே சூடான காற்று மூடி போட்டாயிற்று, கீழே குளிர் தேங்கப்போகிறது. அந்தக் காட்சியை நான் எந்த ஆப்பையும் விட நம்புகிறேன்.

படி 4: இரவு அலாரம்

முன்கணிப்பு தவறும். எட்டு மணிக்கு இருந்த மேகம் பதினொன்றுக்குக் கலைந்துவிடும். அதற்குத்தான் தோட்டத்திலேயே அளந்து அடிக்கும் அலாரம்.

மலிவான வழி, ஃப்ரீசருக்காக விற்கும் அலாரம் வெப்பமானி. குறைந்தபட்ச எல்லை வைக்கலாம், கம்பி நுனியில் உணரி. ஜன்னல் இடுக்கு வழியே கம்பியை வெளியே விட்டு, கருவியைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளலாம். இணையம் போனாலும் மின்சாரம் போனாலும் கவலையில்லை. குறை ஒன்றுதான்: கம்பி பெரும்பாலும் சில மீட்டர்தான் வரும். பள்ளம் தூரத்தில் இருந்தால் எட்டாது. வீட்டை ஒட்டிய தோட்டம் என்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை என்பது என் கருத்து.

அடுத்தது வைஃபை உணரி. பேட்டரியில் ஓடும் சின்னப் பெட்டி, ஸ்மார்ட் லைஃப் போன்ற ஆப்போடு இணைத்து, வெப்பநிலை இதற்குக் கீழே போனால் கைபேசிக்குச் செய்தி அனுப்பு என்று விதி வைக்கலாம். வாங்கும் முன் மூன்று விஷயம் பாருங்கள். வெளியில் வைக்கத் தகுந்ததா, ஈரம் புகுந்தால் தாங்குமா என்பது முதலாவது. மைனஸ் அளவு காட்டுமா என்பது இரண்டாவது. வீட்டுக்குள் வைக்கும் வகைகள் சில 0 டிகிரியோடு நின்றுவிடும். மூன்றாவது, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை செய்தி அனுப்புகிறது என்பது. பேட்டரி மிச்சம் பிடிக்க, அரை மணிக்கும் ஒரு மணிக்கும் ஒருமுறை மட்டும் விழிக்கும் உணரிகள் உண்டு. அந்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்திருக்கும். புளூடூத் மட்டும் உள்ளதை வாங்காதீர்கள், சுவரைத் தாண்டித் தோட்டக் கோடிக்கு எட்டாது.

கையால் செய்துகொள்ளப் பிரியப்படுபவர்களுக்கு: ஈஎஸ்பி32 பலகை (வைஃபை உள்ள சின்னக் கணினிப் பலகை) ஒன்று, துருப்பிடிக்காத உறையில் வரும் டிஎஸ்18பி20 உணரி ஒன்று, 4.7 கிலோ ஓம் மின்தடை ஒன்று, பழைய கைபேசி சார்ஜர் ஒன்று. உணரியின் பிசகு அரை டிகிரிக்குள் இருக்கும், நமக்குப் போதும். கம்பியையும் பல மீட்டர் நீட்டலாம், அதனால் பலகை வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். டெலிகிராமில் பாட்ஃபாதர் என்ற கணக்குக்குச் செய்தி அனுப்பினால் உங்களுக்கென்று ஒரு பாட் (தானாகச் செய்தி அனுப்பும் கணக்கு) உருவாக்கிச் சாவி தரும். பலகை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அளந்து, எல்லை தாண்டினால் அந்த பாட் மூலம் உங்களுக்குச் செய்தி அனுப்பும். மாதிரி நிரல்கள் இணையத்தில் தாராளம்.

எந்த வழியானாலும் எல்லையை 0 என்று வைக்க வேண்டாம். தெளிந்த இரவில் நள்ளிரவுக்குப் பிறகு மணிக்கு ஒரு டிகிரி இறங்கும் என்று தோராயமாக வைத்துக்கொண்டால், இரண்டரை டிகிரியில் அடித்தால் உங்களுக்கு இரண்டரை மணி நேரம் கிடைக்கும். சட்டை போட்டு, டார்ச் தேடி, தண்ணீர்க் குழாயை நீட்ட அது வேண்டும். இரண்டாவது அலாரத்தை அரை டிகிரியில் வையுங்கள், முதலாவதை அணைத்துவிட்டுத் திரும்பத் தூங்கியவர்களுக்காக.

இன்னொன்றையும் செய்யுங்கள். தினமும் மாலை ஆறு மணிக்கு அப்போதைய அளவை ஒரு செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள். என் உணரி ஒருமுறை பேட்டரி தீர்ந்து நான்கு நாள் மௌனமாக இருந்தது. நானோ பனியே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன். ஆறு மணிச் செய்தி வரவில்லை என்றால் இப்போது எழுந்துபோய்ப் பார்த்துவிடுகிறேன். ரவுட்டருக்கு ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தால் மின்வெட்டுக் கவலையும் தீரும்.

கைபேசி உங்களை எழுப்புமா?

செய்தி வந்தும் எழும்பாமல் போன இரவுகள் எனக்குண்டு. இரவு பத்து மணிக்கு மேல் கைபேசி தானாக மௌனத்துக்குப் போகும்படி வைத்திருந்தேன். அந்த ஏற்பாட்டிலிருந்து வானிலை ஆப்புக்கும் டெலிகிராமுக்கும் விலக்குத் தர வேண்டும். ஆண்ட்ராய்டில் தொந்தரவு செய்யாதே என்ற அமைப்பிலும், ஐபோனில் ஃபோகஸ் அமைப்பிலும் எந்த ஆப்கள் மட்டும் சத்தம் போடலாம் என்று சேர்க்கும் இடம் இருக்கும். ஆண்ட்ராய்டில் பேட்டரி சேமிப்புப் பட்டியலிலிருந்தும் அவற்றை வெளியே எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரியில் ஆப்பைத் தூங்க வைத்துவிடும்.

டிங் என்ற ஒற்றைச் சத்தத்துக்கு யாரும் எழ மாட்டோம். டெலிகிராமில் அந்த ஒரு பாட்டுக்கு மட்டும் நீளமான, எரிச்சலூட்டும் ஒலியை வைக்கலாம். வைத்த பிறகு ஒரு இரவு சோதித்துப் பாருங்கள்: உணரியை ஐஸ் டம்ளரில் போட்டுவிட்டுப் படுங்கள். வீட்டில் உள்ளவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

அடித்துவிட்டது. அப்புறம்?

எல்லாச் செடிக்கும் ஓடாதீர்கள். முட்டைகோஸ், கேரட், பீட்ரூட், டர்னிப், புரோக்கோலி எல்லாம் லேசான உறைபனியைத் தாங்கும். பட்டாணியில் செடி தாங்கும், பூவும் பிஞ்சும் தாங்காது. உருளைக்கிழங்கு இலை மைனஸ் 1, 2 என்று போனாலே கருகும். பீன்ஸ், தக்காளி, பூசணி, மேராக்காய், பூக்களில் டேலியா, பெகோனியா, காசித்தும்பை ஆகியவைதான் முதலில் போகும். ஸ்ட்ராபெரியில் விரிந்த பூவின் நடுப்பகுதி கறுத்துவிட்டால் அந்தப் பூ காய்க்காது. உங்கள் தோட்டத்தில் இந்தப் பட்டியலில் உள்ளவை எங்கே இருக்கின்றன என்று முன்பே பார்த்து வையுங்கள். தொட்டிகள் என்றால் சுலபம், மாலையிலேயே தாழ்வாரத்துக்குள் சுவரோரமாக நகர்த்திவிடலாம்.

மாலை அலாரம் அடித்தால்: வெயில் இருக்கும்போதே மண்ணுக்குத் தண்ணீர் விடுங்கள். ஈரமண் காய்ந்த மண்ணைவிட அதிக வெப்பம் சேர்த்து இரவில் விடும். செடிக்கு அடியில் காய்ந்த புல் மூடாக்கு இருந்தால், பாதுகாப்பு என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். அது மண்ணின் வெப்பம் மேலே வராமல் தடுக்கும், மேலே இருக்கும் இலை இன்னும் குளிரும். அந்த வாரத்துக்கு மட்டும் ஒதுக்கி வைக்கலாம். பிறகு போர்வை. பழைய வேட்டி, புடவை, சணல் சாக்கு எதுவும் ஆகும். நாலு குச்சி நட்டு, இலையில் படாமல், ஓரம் தரையைத் தொடும்படி போட வேண்டும். மேலே மட்டும் கட்டி அடியில் திறந்து விட்டால் மண் வெப்பம் பக்கவாட்டில் போய்விடும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடமெல்லாம் கருகும், அவசரத்துக்குப் போட்டாலும் உள்ளே ஒரு துணி இருக்கட்டும். ஊட்டி தாவரவியல் பூங்காவில் அலங்காரச் செடிகளுக்குக் கோத்தகிரி மிலார் என்ற செடியை வைத்து மறைப்பதைப் பார்த்திருப்பீர்கள், தேயிலை இளங்கன்றுகளுக்குத் தாகை என்ற காட்டுச்செடியின் இலையைப் பரப்புவதும் அதே யுக்தி. வானம் இலைக்குத் தெரியாமல் மறைத்தால் போதும்.

இரவு அலாரம் அடித்தால், போர்த்தாமல் விட்டதை இருப்பதை வைத்துப் போர்த்துங்கள். பாதிப் பலன் உண்டு. ஸ்பிரிங்க்ளர் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தண்ணீர் உறையும்போது ஒரு கிராமுக்கு 80 கலோரி வெப்பம் வெளிவிடும், அதுதான் இலையைக் காக்கிறது. அதே தண்ணீர் ஆவியானால் அதைப்போல ஏழு மடங்குக்கும் மேல் வெப்பத்தைப் பறிக்கும். ஆகவே ஆரம்பித்தால் வெயில் வந்து பனி உருகும்வரை நிறுத்தக் கூடாது. தொட்டியில் அரை மணி நேரத்துக்குத்தான் தண்ணீர் இருக்கிறது என்றால் ஆரம்பிக்கவே வேண்டாம். சருகைக் கூட்டிப் புகை போடுவதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. தரையிலிருந்து போகும் வெப்பக் கதிரைப் புகை அவ்வளவாகத் தடுப்பதில்லை. கண் எரிவதுதான் மிச்சம்.

குளிர் உச்சத்துக்குப் போவது விடியும் நேரத்தில். ஜனவரியில் ஊட்டியில் சூரியன் உதிக்க ஆறே முக்கால் ஆகும், பள்ளத்துக்கு வெயில் வர இன்னும் தாமதம். ஐந்து மணிக்குப் பார்த்துவிட்டுத் தப்பித்தோம் என்று போகாதீர்கள். காலையில் வெயில் ஏறுமுன் செடியின் மேல் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவுவது இங்கே பழக்கம். இலைக்கு மேலே மட்டும் படிந்திருந்தால் அது உதவும். இலைக்குள்ளேயே உறைந்துவிட்டிருந்தால் எந்தத் தண்ணீரும் மீட்காது. பகல் நன்றாக ஏறியதும் போர்வையை எடுத்துவிடுங்கள், மண் அடுத்த இரவுக்கு வெப்பம் சேர்க்க வேண்டும். தெளிந்த இரவுகள் பெரும்பாலும் தனியாக வருவதில்லை, அன்றைக்கு மாலையும் அலாரம் அடிக்கும்.

கருகியதைக் கண்டதும் கத்திரியை எடுக்கத் தோன்றும். பொறுங்கள். கருகிய இலையும் தண்டும் கீழே உள்ள பாகத்துக்குக் கூரையாக நிற்கின்றன, வெட்டினால் வரும் இளந்துளிர் அடுத்த பனிக்கு இரையாகும். பிப்ரவரி முடியட்டும். என் மேராக்காய்க் கொடி மேலே முழுக்கக் கரிந்துபோனது, அடியில் கிழங்கு பிழைத்திருந்தது. மார்ச்சில் இரண்டு முளை விட்டது. பந்தலை இப்போது மேட்டுக்கு மாற்றிவிட்டேன். பழைய இடத்தில் முட்டைகோஸ் இருக்கிறது.